அரைப்பேர்

தங்கச்சி, உயர்தரம் முடித்த கையோடு பத்திரிகை ஆசிரியர் ஆகப் போகிறேன் என்கிறாய். கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெண்பிள்ளைகளுக்கென்றே இந்த நாடு எத்தனை உத்தியோகங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது! கொழும்பில் வீட்டுவேலை, கட்டுநாயக்கவில் தையல் மெஷின், குவைத்தில் குசினி, கண்டி டவுனில் புடவைக் கடை. கொஞ்சம் கூடப் படித்துவிட்டால் முன்பள்ளி டீச்சர். ஒன்றுமே சரிவராவிட்டால் அம்மாவின் கொழுந்துக் கூடை எங்கே போகப் போகிறது? இவ்வளவு தாராளமாகத் தந்தும் திருப்திப்படாமல் ஆசிரியபீடத்தில் உட்கார ஆசைப்படுகிறாயே, உன் துணிச்சலை மெச்சுகிறேன். மெச்சுவதற்குக் காசு செலவில்லை. அதனால்தான் மே தின மேடைகளில் உன் அம்மாவை வருடாவருடம் எல்லோரும் மெச்சுகிறார்கள்.

வழி கேட்டாய். உனக்கு முன்னால் இந்த வழியில் போனவர் ஒருவர் இருக்கிறார், ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே. மீனாட்சியம்மாள் என்று பெயர். 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியர். உன் பாடப்புத்தகத்தில் இந்தப் பெயரைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா? கண்டி ராஜாக்கள் எல்லோரும் உனக்கு வரிசையாகப் பாடம். லூல்கந்துரவில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் துரையும் பாடம். அந்தத் தேயிலையைப் பறித்தவர்களுக்காகப் பத்திரிகை நடத்திய பெண்ணுக்கு மட்டும் பக்கம் போதவில்லையாக்கும்.

இந்த உத்தியோகத்துக்கு முதல் தகுதி, பிரபலமான ஒரு கணவர். மீனாட்சியம்மாளுக்கு அது இருந்தது. கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்து லயங்களைப் பார்த்தவர். 1924இல் தேசபக்தனைத் தொடங்கினார், சட்டசபைக்கும் போனார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார், 1936இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். பெரிய மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த மனிதர் சபையில் பேசிக்கொண்டும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டும் இருந்தபோது பத்திரிகை எப்படி வெளிவந்தது? 1920களின் பிற்பகுதியில் அந்தப் பொறுப்பு மீனாட்சியம்மாளின் தலையில் இருந்தது. நம்மவர்கள் எழுதும் நினைவுக் கட்டுரைகளைப் படித்தால், அச்சு இயந்திரம் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே எழுதித் தானே பிழை திருத்தித் தானே மடித்துத் தபாலில் சேர்த்தது போலத் தோன்றும். கட்டுரையின் கடைசிப் பந்தியில், 'அன்னாரின் பாரியாரும் அன்னாருக்குத் தோள் கொடுத்தார்' என்று ஒரு வரி வரும். தோள் கொடுத்தவருக்குத் தலையும் இருந்தது என்பதை எழுத நம்மவர்களுக்குப் பேனாவில் மை இருப்பதில்லை.

உன் அம்மாவிடம் கேட்டுப் பார். விடியலில் ஆள் கூப்பிடும் பிரட்டுக்குப் போய், அட்டைக்கடிக்கு நடுவே மலையில் ஏறி நின்று, நெற்றியில் கயிறு பதிய நாள் முழுக்கப் பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொண்டு போவார். தராசு முள் ஒரு எண்ணைக் காட்டும். கணக்கப்பிள்ளை வேறொரு எண்ணை எழுதுவார். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போவார். தோட்டம் கேட்ட கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அன்றைக்கு அரைப்பேர்தான். நின்றது முழுநாள், சம்பளப் பதிவான செக்ரோலில் விழுவது பாதிச் சம்பளம். வாயைத் திறந்தால் நாளைக்குப் புல் முளைத்த மோசமான மலையில் நிரை கிடைக்கும். மீனாட்சியம்மாளுக்கும் நம் சரித்திரக் கணக்கப்பிள்ளைமார் அரைப்பேர்தான் போட்டிருக்கிறார்கள்.

இனி, தோட்டத்துக்குப் பத்திரிகை நடத்துவது என்றால் யாரோடு மோத வேண்டும் என்பதைத் தெரிந்துகொள். அதற்கு நீ கொழும்புக்குப் போகத் தேவையில்லை, கண்டி டவுனே போதும். துரைமார் சங்கம் பிறந்தது இங்கேதான், 1854இல். விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை ஆள் வேண்டும், அவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்காமல் விடலாம் என்றெல்லாம் இந்த ஊரில்தான் நியாயம் பேசினார்கள். அந்த ஆட்களின் நலனைக் கவனிக்க இந்திய அரசாங்கம் 1923இல் ஒரு ஏஜெண்டை நியமித்தது. அவருடைய கந்தோரும் கண்டியில்தான். ஆட்டைக் கட்டியவன் கந்தோரும் ஆட்டுக்கு நலம் விசாரிப்பவன் கந்தோரும் ஒரே ஊரில், குளத்துக் காற்று வாங்கியபடி. ஆடுகளுக்கு மட்டும் துரையிடம் சொல்லாமல் தோட்டத்தைத் தாண்ட முடியாது. வெளியாட்கள் உள்ளே போனால் அத்துமீறல் வழக்கு. தொழிலாளியின் வாசலுக்குப் போகத் துரையின் அனுமதி வேண்டும். இது 1920களின் கதை. இன்றைக்கு நீ மைக்கும் கேமராவுமாக ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய் நின்று பார், வாட்ச்சர் என்ன கேட்கிறான் என்று எனக்கு எழுது.

இப்படிக் கம்பி போட்ட இடத்துக்குள் பத்திரிகை எப்படிப் போனது? போனாலும் யார் படித்தார்கள்? இங்கேதான் மீனாட்சியம்மாளின் கெட்டித்தனத்தைப் பார்க்க வேண்டும். இன்றைய ஆசிரியர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு, ஆனால் கற்றுக்கொள்ள மாட்டார்கள். அவருடைய வாசகர்களில் பெரும்பாலானோருக்கு எழுத்து வாசனை கிடையாது. எழுத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பது தோட்ட முகாமைத்துவத்தின் முதல் பாடம். தலையங்கம் எழுதி என்ன பிரயோசனம்? ஆகவே அவர் பாடினார். கூட்டம் தொடங்கும் முன் மேடையில் ஏறிப் பாரதி பாட்டைப் பாடுவார். பிறகு தாமே கட்டிய பாட்டுகளைப் பாடுவார். தொழிலாளரின் துயரத்தைச் சனங்கள் அறிந்த மெட்டுகளில் போட்டு, பாட்டுப் புத்தகமாக அச்சிட்டு, கைக்குக் கை போகவிட்டார். பத்திரிகையைத் துரை பறித்துக் கிழிக்கலாம். மலையில் நிரை பிடித்து நிற்கும் நாற்பது பெண்களில் ஒருத்திக்குப் பாட்டு வந்துவிட்டால் மத்தியானத்துக்குள் நாற்பது பேருக்கும் வந்துவிடும். அதை எந்தக் கங்காணியாலும் பிடுங்க முடியாது. பெண் ஒருத்தி, லயத்துச் சனங்களுக்கு நடுவே, ஆண்கள் நிறைந்த கூட்டத்தில், 1930களில் நின்று பாடினாள் என்றால் வீட்டாரும் சாதிசனமும் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நான் சொல்லியா நீ தெரிந்துகொள்ள வேண்டும்?

எழுதப் படிக்கத் தெரியாத வாசகருக்கு விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார் அந்த ஆசிரியர். எழுதப் படிக்கத் தெரிந்த வாசகருக்கு விஷயம் போய்விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள் இப்போதைய ஆசிரியர்கள். தொழில் வளர்ந்துவிட்டது.

பெண்கள் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன்னை வேலைக்கு எடுத்தால் அங்கேதான் உட்கார வைப்பார்கள். தேசபக்தனிலும் பெண்களுக்கென்று பகுதி இருந்தது, மீனாட்சியம்மாள் அதில் எழுதினார். முகப்பருவுக்குக் கடலைமாவு என்று எழுதவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று எழுதினார். அது சும்மா எழுதிய காலமல்ல. 1927 கடைசியில், அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க லண்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்து இறங்கியிருந்தது. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தார் அதன் முன் சாட்சி சொல்லப் போனார்கள். சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா கண்டிக்காரி. தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று டொனமூர் பிரபு கேட்டாராம். கேள்வியின் தொனியை நீயே ஊகித்துக்கொள். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்று அக்னஸ் பதில் சொன்னார். ஒரு சிங்களக் கனவானைக் கட்டியிருந்த கண்டிச் சீமாட்டிக்கு அன்றைக்குத் தெரிந்த இந்தச் சின்ன உண்மை, பின்னால் வந்த பிரதமர்கள் பலருக்குத் தெரியாமல் போனது. கணவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் பெயரில் கண்டி டவுனில் பூங்கா இருக்கிறது. வாக்குக் கேட்ட மனைவி, அந்தப் பூங்காவில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொள்ளலாம்.

பெண் என்றால் முப்பது வயதாகட்டும் என்றது ஆணைக்குழு. லண்டன் அதை இருபத்தொன்று ஆக்கியது. 1931இல் இந்த நாட்டுப் பெண்கள் வாக்குப் போட்டார்கள், பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு முன்பாகவே. தோட்டத்துப் பெண்ணுக்கு மட்டும் ஒரு சின்ன நிபந்தனை: இங்கேயே நிரந்தரமாக இருப்பேன் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். நூறு வருடமாகத் தேயிலைக்கும் கோப்பிக்கும் உரமாகப் போன சனம், தான் இங்கேதான் இருக்கிறது என்று கடதாசி காட்ட வேண்டுமாம். செத்தவர்களைப் புதைத்த மேடுகளைக் காட்டியிருந்தால் போதாதா?

சம்பளத்தைச் சொல்லவில்லையே. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பெண்ணின் வயிறு பதினொரு சதம் சின்னது என்று எந்த டாக்டர் அளந்து சொன்னாரோ தெரியாது. பிள்ளைக்குச் சம்பளம் நிர்ணயித்த சட்டத்தை முன்னேற்றம் என்று கொண்டாடவும் செய்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று தோட்டத்தில் ஆனது 1984இல். அதற்குள் இந்த நாடு உலகத்தின் முதல் பெண் பிரதமரைக் கண்டு, பெருமைப்பட்டு, வீட்டுக்கும் அனுப்பிவிட்டது.

1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வெளியேற்றத் தொடங்கினார்கள். இந்தியனே போ என்பது தேர்தலில் வாக்கு வாங்கும் மந்திரமாகிவிட்டது. 1940 ஜனவரியில் கண்டிக்கு அந்தப் பக்கம், ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட கோவிந்தனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. அதே 1940இல் மீனாட்சியம்மாள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். நிலைமை என்ன என்பதை ஊரில் எல்லாப் படித்தவர்களுக்கும் முன்பாக ஒரு பெண் பாட்டில் சொல்லிவிட்டாள். படித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்க நேரமில்லை, சங்கத் தலைவர் யார் என்று தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், உன் பாட்டி சொல்லியிருப்பாள். 1947 நவம்பரில் நடேசய்யர் போனார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் வாக்கும் போனது. மீனாட்சியம்மாள் எழுதிக் கேட்ட, அக்னஸ் சாட்சி சொல்லிப் பெற்ற வாக்கின் கதை பதினெட்டு வருடத்தில் முடிந்தது. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து மனிதரைப் பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் உனக்கு, 300,000 பேர் எனக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். கண்டியிலிருந்த இந்தியத் தூதரகத்துக் கியூவில் கைக்குழந்தைகளோடு பெண்கள் நின்றார்கள். உரப்பையில் சாமானைக் கட்டிக்கொண்டு தலைமன்னார் ரயிலேறினார்கள். அந்த ரயிலில் ஒரு பத்திரிகையின் வாசகர்களே மொத்தமாக ஏற்றப்பட்டார்கள். வாசகர்களை நாடு கடத்திவிட்டால் ஆசிரியரை மறப்பது எவ்வளவு சுலபம் பார்த்தாயா?

படிப்பதற்கு அமைதியான இடம் வேண்டுமென்றால் கண்டியில் நல்ல நூலகம் இருக்கிறது. டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம். ஆம், அதே சேனாநாயக்கதான். உன் பாட்டியின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமரின் பெயருக்குக் கீழே உட்கார்ந்து பாட்டியின் சரித்திரத்தைத் தேடு. கிடைக்காவிட்டால் நூலகரைக் கோபிக்காதே.

அதெல்லாம் பழங்கதை, தோட்டத்து விவகாரம், கொழும்பில் ஆங்கிலப் பத்திரிகைக்குப் போனால் தப்பலாம் என்று நினைப்பாய். அங்கேயும் ஒரு உதாரணம் வைத்திருக்கிறேன். 2009 ஜனவரி 8ஆம் திகதி 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். அந்தக் கதிரையில் பிரெடெரிக்கா ஜேன்ஸ் உட்கார்ந்தார். இரத்தம் காயாத கதிரையை மட்டும் பெண்களுக்கு எப்போதும் தயங்காமல் கொடுத்துவிடுகிறார்கள், கவனித்தாயா? அந்த வருடமே கொலை மிரட்டல் கடிதம் வந்தது. 2012 ஜூலையில், சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு நாய்க்குட்டி வருவதற்காக விமானத்தை மாற்றினார்களாமே என்று அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்சவுக்குப் போன் போட்டுக் கேட்டார். பதிலுக்கு வந்த தூஷணத்தையும் மிரட்டலையும் அப்படியே பத்திரிகையில் அச்சிட்டார். செப்டம்பரில் பத்திரிகையின் பங்குகள் கைமாறின, ஆசிரியருக்கு வேலை போனது, அவர் நாட்டை விட்டே போனார். நாய்க்குட்டியைப் பற்றிக் கேட்டவர் ஊரை விட்டு ஓட வேண்டும், ஏசியவர் நாட்டுக்கே ஜனாதிபதியாக வேண்டும், இதுதான் இங்கே தர்மம். 2022 ஜூலையில் அந்த ஜனாதிபதியும் விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்கு ஓடினார் என்பது வேறு விஷயம்.

நம் தமிழ்ப் பத்திரிகைகளையும் சும்மா விடக் கூடாது. 2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று சிறப்பிதழ்கள் வந்தன, உனக்கும் கிடைத்திருக்கும். அட்டையில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் சிரிக்கிறாள். உள்ளே தலைவர்களின் ஆசிச்செய்தி, எல்லாம் ஆண் முகம். தேயிலைக் கம்பனி விளம்பரம். அட்டைப்படத்துப் பெண்ணின் பெயரைக் கீழே போட ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்னோர் வந்த வழியை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் சனங்கள் காலால் நடந்தார்கள். நாம் அதையும் படமெடுத்தோம். 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு வருடக்கணக்கில் வீதியில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2021இல் அது கிடைத்தபோது மாலை போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் வேட்டி. சங்கத்துக்குச் சந்தா பெண்ணின் செக்ரோலில் வெட்டப்படும், சங்கத்துக் கதிரையில் ஆண் உட்காருவான், பெண்ணுக்கு மகளிர் அணி என்று ஒரு பாயை விரித்து வாசலில் போடுவார்கள். மீனாட்சியம்மாள் திரும்பி வந்தால் கூட்டத் தொடக்கத்தில் கடவுள் வாழ்த்துப் பாடச் சொல்லி, பாடி முடித்ததும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் கேட்கும் அடுத்த கேள்வி இவர்களுக்குத் தாங்காது.

எல்லாம் கேட்ட பிறகும் போவேன் என்கிறாயா? போ. விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில், பத்து வயதிலிருந்து லயத்துக்கே பத்திரிகை வாசித்துக் காட்டினேன் என்று எழுது, அது பொய்யல்ல. பெண்கள் பக்கத்தைத் தந்தால் வாங்கிக்கொள், அதில் அரைப்பேரைப் பற்றி எழுது, ஈரத்துக்கென்று கழிக்கிற கிலோவைப் பற்றி எழுது, தோட்டத்தின் பெயரைப் போட்டு எழுது. உன் கட்டுரையைத் திருத்தித் தன் பெயரில் போட ஒருவர் வருவார், விடாதே. நேர்முகப் பரீட்சையில் கடைசியாக, உனக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா என்பார்கள். அந்தக் கதிரையில் நேற்று வரை இருந்த ஆணுக்கு என்ன சம்பளம் கொடுத்தீர்கள் என்று கேள்.